இரும்பு மேனியும் இரக்கமிலா நெஞ்சும்

மக்கள் விரும்பிப் படிக்கும் கதைகளில் நல்லோனைக் காட்டிலும் தீயோனே நம் உள்ளத்தில் நெடுநாள் தங்கிவிடுகின்றான். ஆதலின், ஓர் ஆசிரியர் தீயோனை எவ்வாறு படைக்கின்றார், அவன் தீமைக்கு எதனைக் காரணமாகக் காட்டுகின்றார் என்பன சிறு செய்திகள் ஆகா. அமெரிக்க நாட்டுச் சித்திரக் கதைகளில் வரும் கொடியோன் ஒருவனைப் பற்றி ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றோம். அவன் பாதி மனிதன், பாதி எந்திரம், குற்றக் கூட்டமொன்றின் தலைவன். அவனைப் பற்றிப் பேசும் நண்பர் பலர், இரும்பு உட்புகுந்தமையால் இரக்கம் வெளியேறிற்று என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பிழையென்பது எம் கருத்து. அது வெறும் பிழையாக நில்லாமல், நம்மோடு வாழும் மக்கள் சிலர்க்குத் தீங்கு பயப்பதுமாகும் என்பதனையும் காட்ட முயல்வோம்.

சித்திரக் கதை கல்லூரி மாணவர் ஆராயத்தக்க பொருளோ என வினவுவார் உளர். நாட்டுப்புறக் கதைப்பாடல்களையும் ஒருகாலத்துக் கற்றோர் இவ்வாறே இகழ்ந்தனர். இன்று அவை பல்கலைக்கழகங்களில் பாடமாக விளங்குகின்றன. பல்லாயிரவர் படிக்கும் கதை எதுவாயினும், அது படிப்பார் நெஞ்சில் எதனை விதைக்கின்றது என்று பார்த்தல் இலக்கிய மாணவர்க்குக் கடனேயாம்.

முதற்கண், சொல்லைப் பற்றி ஒரு சொல். இத்தகைய கலப்பு உடலோனைக் குறிக்க வழங்கும் 'சைபோர்க்' என்னும் பெயர் 1960 ஆம் ஆண்டிற் பிறந்தது. மான்ஃபிரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் அறிஞர் இருவர் விண்வெளிப் பயணத்தைக் குறித்து எழுதிய கட்டுரையொன்றில் இதனை வழங்கினர். மண்ணுலகின் சூழலை விண்ணுக்குச் சுமந்து செல்வதினும், விண்ணுக்கேற்ப மனித உடலையே கருவிகளின் துணைகொண்டு அமைத்தல் தகும் என்றனர் அவர். உடலைப் பேணும் ஓயாத வேலையைக் கருவி தானே பார்த்துக்கொள்ளுமாயின், மனிதன் ஆராயவும் படைக்கவும் எண்ணவும் உணரவும் தடையின்றி இருப்பான் என்பது அவர்தம் எண்ணம். சொல் பிறந்த இடத்தே கருவியானது மனிதத் தன்மையைக் கெடுப்பதாக அன்றி, அதற்கு இடம் அளிப்பதாகவே கருதப்பட்டமை நோக்கத்தக்கது.

இனி, கதைக்கு வருவோம். மார்வெல் நிறுவனத்தார் வெளியிடும் சிலந்தி மனிதன் கதை வரிசையில், 1969 ஆம் ஆண்டு 73 ஆம் இதழில், சில்வியோ மான்ஃப்ரெடி என்பான் முதன்முதல் தோன்றுகின்றான். கதையை எழுதியவர் ஸ்டான் லீ. சித்திரம் வரைந்தோருள் ஜான் புசேமாவும் ஜான் ரொமீட்டாவும் குறிப்பிடத்தக்கவர். மான்ஃப்ரெடி இத்தாலிய வழியினன். நியூயார்க்கு நகரில் மேகியா என்னும் குற்றக் கூட்டத்தின் ஒரு பெரும் பகுதியை ஆள்பவன். நரைத்த தலையினனாதலால் சில்வர்மேன் என்று அழைக்கப்படுகின்றான். 'வெள்ளிப் பிடரி' என்பது அதன் பொருள். இங்ஙனம் தோன்றும்போது அவன் மேனியில் இரும்பு ஒரு துண்டும் இல்லை என்பதனை அன்பர் மறவாதிருப்பாராக. அவன் முதுமையால் தளர்ந்த ஒரு கிழவன், அவ்வளவே.

அக்கிழவன் கையில் தொன்மையான கற்பலகையொன்று அகப்படுகின்றது. முதுமையை நீக்கும் மருந்தொன்றின் முறை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்தறிய வல்லவர் கர்ட் கானர்ஸ் என்னும் அறிவியல் அறிஞர். சில்வர்மேன் அவரை வேண்டிக்கொள்ளவில்லை. விலை பேசவும் இல்லை. அவரையும் அவர்தம் மனைவியையும் சிறுமகனையும் சிறைப்பிடித்து, குடும்பத்தின் உயிரைப் பணயமாக வைத்துப் பணியச் செய்கின்றான். மருந்து முடிகின்றது, கிழவன் பருகுகின்றான், நரை மாறுகின்றது, நடுவயதினன் ஆகின்றான், காளை ஆகின்றான். அவன் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆனால் மருந்து நின்றபாடில்லை. காளை சிறுவனாகின்றான், சிறுவன் குழவியாகின்றான், இறுதியில் குழவியும் காணாமற் போகின்றது. அவ்வாண்டின் 75 ஆம் இதழில் அமைந்துள்ள இப்பகுதியினும் அச்சந்தருவது அவ்வரிசையில் வேறு உண்டோ என ஐயுறுகின்றோம்.

சித்திரக் கதையுலகில் இறந்தார் மீள்வது இயல்பு. சில்வர்மேனும் மீண்டான், மீண்டும் மூத்தான். 1982 ஆம் ஆண்டில் கிளோக், டாகர் என்னும் இளைஞர் இருவர் கதையில் புகுகின்றனர். வீட்டை விட்டு நியூயார்க்கு நகருக்கு ஓடிவந்த ஏழைச் சிறார்கள் மீது புதிய போதைமருந்தொன்றைச் சோதித்துப் பார்த்த கொடியோர் கையில் சிக்கித் தப்பியவர் இவர். அக்கொடுமையின் பின்னின்றது மேகியா. பழிவாங்கப் புறப்பட்ட அவருள் டாகர் என்பாளின் ஒளிக்கத்திகள் கிழவனின் உயிராற்றலைக் கவர்ந்துவிடுகின்றன. அதன்பின்னரே அவன் தலையும் சில உறுப்புகளும் எந்திர உடலொன்றில் பொருத்தப்படுகின்றன. நாம் எடுத்துக்கொண்ட இரும்பு மேனியோன் இவ்வாறே பிறந்தான். இந்த எந்திரத் தோற்றத்தையே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர்.

இவ்வரலாற்றை வரிசையாக வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை தெள்ளிதிற் புலனாகும். அவன் செய்த பெருங்கொடுமைகள் இரண்டு. அறிஞரொருவரின் மனைவி மக்களைச் சிறைவைத்தது ஒன்று. திக்கற்ற சிறார்மீது அவன் கூட்டம் நஞ்சைச் சோதித்தது மற்றொன்று. இரண்டும் அவன் ஊனும் குருதியும் உடையனாய் இருந்தபோதே நிகழ்ந்தவை. இரும்பு அவனுக்கு இரக்கமின்மையைக் கொடுத்ததென்றால், அதற்கு முன் அவன்பால் இருந்தது யாது? கொடுமை முன்னும் இரும்பு பின்னுமாக இருக்க, பின்னதை முன்னதற்குக் காரணமென்றல் எங்ஙனம் பொருந்தும்?

அங்ஙனமாயின் அவன் கொடுமையின் வேர் யாது? பிற மனிதரைத் தனக்குரிய உறுப்புகளாக எண்ணியமையே அது என்பது எம் துணிபு. கானர்ஸின் கண்கள் பலகையைப் படிப்பதற்கு. அவர் மனைவி மக்கள் அவரை ஓட்டுதற்குரிய சாட்டை. அடியாட்களின் தோள்கள் அடிப்பதற்கு. தெருச் சிறார்களின் உடல்கள் மருந்தைச் சோதிப்பதற்கு. ஒவ்வொருவரையும் கழற்றி மாட்டத்தக்க பொருளாகவே அவன் கண்டான். உலகத்தை அவ்வாறு கண்டவன் ஈற்றில் தானும் கழற்றி மாட்டத்தக்க பொருளானான். 2013 ஆம் ஆண்டில் நிக் ஸ்பென்சர் எழுத, ஸ்டீவ் லீபர் வரையத் தொடங்கிய கதையொன்றில் அவன் நிலை இன்னும் இழிகின்றது. உடலெல்லாம் போய், உயிருள்ள தலை மட்டும் எஞ்ச, அதனைச் சிறு திருடர் தேடித் திரிகின்றனர். அது நகைச்சுவைக் கதை. எனினும் நகைத்தபின் நெஞ்சில் ஒரு கனம் தங்குகின்றது. இறவாமையை நாடியவன் பெற்றது அதுதான்.

ஈண்டுக் கானர்ஸை அவனோடு ஒப்பிடுதல் நலம். கானர்ஸும் உடற்குறையால் துன்புற்றவரே. போர்க்களத்து மருத்துவராய்ப் பணிபுரிந்து ஒரு கையை இழந்தவர் அவர். இழந்த கையை மீண்டும் முளைப்பிக்க மருந்து செய்து, அதனைத் தாமே பருகினார். கை முளைத்தது, ஆயின் அவர் பல்லியுருவினராய் மாறிக் கொடுஞ்செயல் புரியலானார். இருவரும் மருந்து பருகினர், இருவரும் உருமாறினர். எனினும் படிப்பார் ஒருவர்க்கு இரங்குகின்றனர், மற்றவனை வெறுக்கின்றனர். ஏன்? கானர்ஸ் மருந்தைத் தம்மீது சோதித்தார். மேகியா அதனை ஏழைச் சிறார்மீது சோதித்தது. கானர்ஸ் தம் மனைவிக்கும் மகனுக்கும் தம்மால் தீங்கு நேருமோ என்று அஞ்சினார். சில்வர்மேன் அம்மனைவியையும் மகனையும் கொண்டே தன் காரியத்தை முடித்தான். உருவம் எவ்வளவு திரிந்ததென்பதன்று, அத்திரிபின் விலையை எவர் கொடுத்தனர் என்பதே இருவரையும் பிரிக்கும் எல்லை.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவு வாராதிராது. பெறுதற்கரிய நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. உண்டார்க்கு நீண்ட வாழ்நாள் தருவது அது. அவனோ அதன் பயனைச் சொல்லாமல் மறைத்து ஔவைக்கு ஈந்தான். அச்செயலை வாழ்த்தி ஔவை பாடிய பாட்டைப் புறநானூற்றில் யாவரும் அறிவர். நெடுவாழ்வை விரும்புதல் குற்றமன்று. அதியமானும் விரும்பியிருத்தல் கூடும். அதற்கு உரியார் யார் என்னும் வினாவிலேதான் வள்ளலும் கொள்ளைத் தலைவனும் பிரிகின்றனர். ஒருவன் தன்னினும் வாழத்தக்கார் உளர் என்று கண்டான். மற்றவன் தன்னையன்றி வாழத்தக்கார் ஒருவரும் இலர் என்று கண்டான்.

எம் கருத்தை மறுப்பார் இவ்வாறு கூறலாம்: "இரும்பு கொடுமையைப் பிறப்பியாவிடினும், இருந்த இரக்கத்தையும் அழித்திருக்குமன்றோ? வலியறியா உடலோன் பிறர் வலியை எங்ஙனம் உணர்வான்?" இதற்கு அதே கதையுலகம் விடையிறுக்கின்றது. 1963 இல் தோன்றிய இரும்பு மனிதனாம் டோனி ஸ்டார்க், மார்பிற் பொருத்திய கருவியாலேயே உயிர் தாங்கியவன். அவன் வீரரோடு எண்ணப்படுகின்றான். காவற்பணியில் வெடிகுண்டால் கையிழந்து எந்திரக் கை பெற்ற மிஸ்டி நைட் என்பாளும் அறத்தின் பக்கமே நிற்கின்றாள். பிறிதொரு நிறுவனத்தார் 1980 இல் படைத்த விக்டர் ஸ்டோன், உடலிற் பெரும்பகுதி உலோகமாகியும் உள்ளம் மெலியன். ஒரே இரும்பு ஒருவனைக் கொடியனாகவும் மற்றவனை நல்லனாகவும் ஆக்குமோ? ஆக்காது. அது அவரவர் முன்னமே கொண்டிருந்த விருப்பத்திற்கு வலுவூட்டுகின்றது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

கதையை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பாரின் உடலினுள் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவி வைக்கப்பட்டது. அவ்வாறு உள்வைக்கப்பெற்றாருள் முதல்வர் அவரே. கருவியை அமைத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட். அறுவை செய்தவர் ஓகே செனிங். லார்சன் பின்னர் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, அவ்விருவருக்குப் பின்னும் வாழ்ந்து, 2001 இல் தம் 86 ஆம் வயதில் மறைந்தார். நம் நாட்டில் செய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் மருத்துவரும் 1968 ஆம் ஆண்டளவில் அமைத்த செயற்கைக் கால், செருப்பின்றி வயலில் நடக்கவும் தரையிற் சம்மணமிட்டு அமரவும் ஏழை உழவர்க்கு உதவிற்று. இன்று செவிக்கருவியும் செயற்கை மூட்டும் செயற்கைக் கையும் பூண்டு கற்பாரும் கற்பிப்பாரும் எத்துணையர்! கருவி பூண்டார் நெஞ்சு கல்லாகும் என்பது உண்மையாயின், இவர்களைப் பற்றி யாது சொல்வது?

ஆதலின் கதை வகுப்போரிடம் எமக்கு ஒரு முறையீடு உண்டு. கொக்கிக் கை, கண்ணாடிக் கண், மரக்கால், எந்திர உடல் ஆகியவற்றைத் தீமையின் அடையாளமாக வரைதல் எளிது. ஒரு கோடு இழுத்தால் போதும். அவ்வெளிமைக்கு விலை கொடுப்பவர் கதாசிரியர் அல்லர். பள்ளியில் ஏனைச் சிறுவரின் கேலிக்கு ஆளாகும் செயற்கைக் காலுடைய சிறுமியே அவ்விலையைக் கொடுக்கின்றாள். சில்வர்மேனைப் படைத்தோர் முதற்கண் அவனை வெறுங்கிழவனாகவே காட்டினர் என்பது அவர்க்குப் பெருமை. பின் வந்தோர் இரும்பை மிகுத்து வரைந்தனர்; படிப்போர் இரும்பையே நினைவிற் கொண்டனர்.

மாணவ நண்பர்களே, இத்தகைய கதைகளைப் படிக்க வேண்டா என்று யாம் கூறோம், யாமும் படிக்கின்றோம். படிக்குங்கால் கொடியோனின் மேனியை நோக்குவதோடு நில்லாமல், அவன் எவரெவரைக் கருவியாகக் கொண்டான் என்று எண்ணிப் பார்ப்போமாக. அக்கண்ணோடு பார்ப்பின், உலோகம் ஒரு துண்டும் இல்லாத உடம்போடு, தூய ஆடை உடுத்து, பிறர் உழைப்பையும் அச்சத்தையும் தமக்கு உறுப்பாக்கிக்கொண்டு உலவும் சில்வர்மேன்கள் பலர் நம் கண்ணுக்குத் தென்படுவர். அவரையும் நம் நண்பர்கள் இரும்பு மேனியோர் என்றே அழைப்பரோ?