மகத் குளமும் தென்பெண்ணை நுரையும்

2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. கடலையே பார்க்காத நம் மாவட்டத்தில் சாலையோரம் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் உருண்டு போயின. ஒரே ஒரு புயலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் பூமி சூடாகச் சூடாகக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், குறுகிய நேரத்தில் பெருமழை பெய்யும் என்பது அறிவியல் சொல்வது. அந்தத் தண்ணீர் முதலில் போய் நிற்பது பள்ளத்தில். பள்ளத்தில் யாருக்கு வீட்டுமனை ஒதுக்கினார்கள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

தமிழக அரசு 2022-ல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் இயக்கம் உண்டு. இதை வரவேற்கிறோம். வகுக்கப்படும் திட்டங்கள் பழைய தவறுகளைத் திரும்பச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

அரசியல் சட்டம் எழுதியவராக மட்டுமே அண்ணல் அம்பேத்கரைப் பாடப்புத்தகம் காட்டுகிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் நதி வெள்ளத்துக்கு வங்காளம் ஒரு பக்கமும் பீகார் ஒரு பக்கமும் தனித்தனியே கரை கட்டுவதை அவர் ஏற்கவில்லை. முழுப் படுகைக்கும் ஒரே திட்டம், வெள்ளத் தடுப்பும் பாசனமும் மின்சாரமும் சேர்ந்தே என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948-ன் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம். அதே பார்வை இன்று தென்பெண்ணைக்கு வேண்டும். நந்தி மலையில் பிறக்கும் ஆறு பெங்களூருவின் கழிவைச் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. மழைக்காலம் தோறும் நுரையைப் படம் எடுக்கிறோம். இரண்டு மாநிலங்களும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. அந்தத் தண்ணீரில் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்களின் கால்களைப் பற்றி எந்த அறிக்கையும் பேசுவதில்லை.

இன்னொரு பாடம் மகத். பொதுக் குளங்களை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923-ல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-ல் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்தது. அடி விழுந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937-ல். தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்!

இப்போது வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்திருக்கிறது (2024). உயிரிழந்தால் நிவாரணம் கிடைக்கும். நல்லது. ஆனால் கல் குவாரியிலும் செங்கல் சூளையிலும் மாந்தோப்பிலும் நாள் கூலிக்கு நிற்பவருக்கு மதியம் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்தினால் அந்தக் கூலியை யார் தருவது? அதற்குப் பதில் வராதவரை அறிவிப்பு தாளிலேயே இருக்கும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்குத் திட்ட நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறு திட்டம் 1979-80-ல் வந்தது. சட்ட பலம் இல்லாததால் பல ஆண்டுகள் நிதி வேறு வேலைகளுக்குத் திருப்பப்பட்டது, செலவாகாமலும் திரும்பியது. ஆந்திரமும் பக்கத்துக் கர்நாடகமும் 2013-லேயே சட்டம் போட்டன. நமக்கு அது கிடைத்தது 2024-ல். தமிழக மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். ஏரி தூர்வாருதல், மரம் நடுதல், சூரிய மின்சாரம் என்று காலநிலைப் பெயரில் வரும் நிதியும் இந்தச் சட்டக் கணக்குக்குள் வர வேண்டும். மரம் நடும் இடத்தைத் தேடும்போது பஞ்சமி நிலம் கண்ணில் பட்டால், 1892-ல் அது யாருக்காக ஒதுக்கப்பட்டது என்பதையும் அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். மகத் நாளுக்கு இரண்டாவது நாள். கல்லூரி மாணவர்கள் அன்று ஊருக்கு வந்து இரண்டு கேள்விகளைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்: நம் ஊர் ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்தத் தெரு வழியாகப் போகும்? அந்தத் தெருவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?