பிரபுவின் மறுப்பும் தாராவியின் குரலும்

மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் காட்சிக்கூடத்தில் லியோ டால்ஸ்டாயின் எண்ணெய் வண்ண உருவப்படம் ஒன்று உள்ளது. இவான் கிராம்ஸ்கோய் 1873இல் தீட்டியது. பிறப்பால் பிரபுவான ஒருவரின் படம் அது. ஆயினும் பதக்கமோ பட்டாடையோ அதில் இல்லை. எளிய தளர்ந்த மேற்சட்டை, மடியில் சேர்ந்த கைகள், நம்மை நேரே நோக்கும் கூரிய கண்கள் மட்டுமே. யதார்த்த ஓவியத்தின் சிறந்த சான்றாக அதைக் கற்பிக்கிறோம். அப்படம் உருவான கதையையும் உடன் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சேகரிப்பாளர் பாவெல் திரெத்தியாக்கோவ் 1869 முதலே அந்தப் படத்தை விரும்பினார், டால்ஸ்டாய் இசையவில்லை. 1873இல் கிராம்ஸ்கோய் நேரில் சென்று கேட்டபோதும் முதலில் மறுத்தார். என்றாவது ஒருநாள் எவரோ வரையத்தான் போகிறார்கள், அப்போது காலம் கடந்திருக்கும் என்று ஓவியர் வாதிட்டார். பிடிக்காவிட்டால் படத்தை அழித்துவிடுவதாகவும் வாக்களித்தார். அதன் பின்னரே டால்ஸ்டாய் அமர்ந்தார். இரண்டு படங்கள் உருவாயின. ஒன்று அவர் வீட்டிலேயே தங்கியது.

மறுக்கும் உரிமை, நிபந்தனை விதிக்கும் உரிமை, ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை: பிரபுவுக்கு இம்மூன்றும் இயல்பாகவே கிடைத்தன.

தாராவியில் நெல்லைத் தமிழ் பேசும் மூதாட்டி ஒருவரை நான் ஒலிப்பதிவு செய்தேன். இசைவுப் படிவத்தில் அவரிடம் கைந்நாட்டும் பெற்றேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பதிவு முடிந்ததும் அவர் கேட்டார்: "தம்பி, இந்தப் பேச்செல்லாம் எங்க கொண்டு போறிய?" செம்பூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்விக்கு நேர்மையான விடை என்னிடம் இல்லை. ஆய்வேட்டில் அவருக்குப் பெயரில்லை. வயது, பாலினம், ஊர் மட்டுமே உண்டு. பதிவின் படி ஒன்றையும் அவரிடம் நான் கொடுக்கவில்லை.

முன்கூட்டி விளக்கினால் பேச்சின் இயல்பு கெடும் என்பர். லபோவ் சுட்டிய நோக்குநர் முரண் மெய்யானதே. ஆனால் பதிவுக்குப் பின் அதை ஒலிக்கவிட்டுக் காட்டி, அவர் மொழியிலேயே விளக்கி, வேண்டாமெனில் அழித்துவிட எது தடை? இசைவு கேட்டதால் கிராம்ஸ்கோயின் படத்தில் உண்மை குறைந்துவிடவில்லை.

தமிழில் படம் 'எடுக்கிறோம்', பேட்டி 'எடுக்கிறோம்'. ஆனால் 'தரவு' என்னும் சொல் 'தரு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. தரப்படுவதே தரவு. எடுத்துக்கொண்டு வருவதற்கு வேறு பெயர் உண்டு.

அடுத்த வாரம் அம்மூதாட்டியிடம் மீண்டும் செல்கிறேன், ஒலிப்பதிவின் படியோடும் தமிழ்ப் படிவத்தோடும். அவர் மறுத்தால் என் மூன்றாம் இயலில் பல பக்கங்கள் குறையும். குறையட்டும். களப்பணி செய்யும் நண்பர்களே, உங்கள் பதிவுகளில் உள்ளவர்கள் 'வேண்டாம்' என்று சொல்ல இயலுமா?