திருவரங்குளத்துக் காடு யாருக்கு?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் எல்லை தாண்டியதும் மரங்கள் தொடங்கும். வரிசை வரிசையாக, பென்சில் நட்டதுபோல் நேராக நிற்கும் மரங்கள். திருவரங்குளம் போகும் வழியெல்லாம் இந்தக் காட்சிதான். வெளியூர்க்காரர் பார்த்தால், "அடேயப்பா, எவ்வளவு பெரிய காடு!" என்பார். உள்ளூர்க்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். "இது காடு இல்லீங்க, ஆர்.எஸ்.பதி மரம்" என்பார்.

நீலகிரித் தைலம் விற்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆர்.எஸ்.பதி. அந்தப் பெயரே இந்த வட்டாரத்தில் மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. தைல மரம் என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் யூகலிப்டஸ் என்பார்கள். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில், மைசூர்ச் சீமையின் நந்தி மலைக்கு வந்தது. 1843-ல் நீலகிரிக்கு வந்தது. மலையில் விறகுக்காக வைத்த மரம், பிறகு சமவெளிக்கு இறங்கியது.

இந்த மரம் நல்லதா, கெட்டதா என்று புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடை தோறும் விவாதம் நடக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. காட்டில் எதை நடுவது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது யார்? காட்டின் ஓரத்தில் குடியிருக்கும் மக்களுக்கு அதில் ஒரு வார்த்தையாவது உண்டா?

பழைய காடு

இந்தப் பக்கத்தின் பழைய காடு வேறு மாதிரி. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லி மீட்டர்தான் மழை. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அப்படியிருந்தும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத குட்டைக் காடு இங்கே இருந்தது. வீரை, பாலை, காசான், நாவல், உசில் என்று மரங்கள். அவற்றின் அடியில் காரை, கிளா, சூரை என்று முள்ளும் புதரும். ஐயனார் கோயில்களைச் சுற்றி இன்னும் அங்கங்கே அந்தக் காட்டின் மிச்சத்தைப் பார்க்கலாம். சாமி காடு என்பதால் அரிவாள் உள்ளே போகவில்லை.

பார்வைக்கு அது அழகான காடு அல்ல. முள் குத்தும். ஆனால் ஊர்க் குடும்பங்களுக்கு அதுவே பாதி வீடு. அடுப்புக்குச் சுள்ளி, வேலிக்கு முள், ஆட்டுக்குத் தழை, கலப்பைக்குக் கட்டை, வைத்தியத்துக்கு வேர். கோடையில் பிள்ளைகளுக்குப் பாலைப்பழம், கிளாப்பழம். காசு கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை. அதனால்தான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்த வருமானம் ஏறவில்லை.

மரத்தின் பெயரையே சாமிக்கு வைத்த ஊர்கள் இவை. கீரமங்கலம் பக்கத்துக் குளமங்கலத்தில் இருக்கும் ஐயனாருக்குப் 'பெருங்காரையடி' என்பது அடைமொழி. பெரிய காரை மரத்தடியில் இருப்பவர் என்று பொருள். 33 அடி உயரக் குதிரை அவர் வாசலில் பாய்ந்து நிற்கிறது. மாசி மகத்தன்று அந்தக் குதிரைக்கு ஆயிரக்கணக்கில் மாலை விழும். எல்லாம் காகித மாலை! காரைமரத்துச் சாமிக்கே காகிதம் போய்ச் சேருகிற காலம் இது.

1974-ல் வந்த மாற்றம்

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ந் தேதி இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தானத்தின் காடுகள் சர்க்கார் காடுகள் ஆயின. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் ஏற்பட்டது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வனம் வேறு, தோட்டம் வேறு. கழகம் வைத்தது தோட்டம். புதுக்கோட்டைப் பக்கம் முந்திரியும் தைல மரமும் வரிசையாக நடப்பட்டன. தைல மரம் ஐந்தாறு ஆண்டில் வெட்டுக்கு வரும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆடு மாடு வாய் வைக்காது, காவல் செலவு மிச்சம். காகித ஆலைக்கு லாரி லாரியாகப் போகும். சர்க்காருக்கு வருமானம்.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். காகிதம் வேண்டாமா? வேண்டும். பிள்ளைகளின் நோட்டும் காகிதம்தான், ஞாயிற்றுக்கிழமை மடியில் விரித்துப் படிக்கும் பத்திரிகையும் காகிதம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கார் மட்டும் இதை நடவில்லை. கூலி ஆள் கிடைக்காமல், கிணற்றில் தண்ணீர் இல்லாமல், பட்டா நிலத்திலேயே தைல மரம் வைத்துவிட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன விவசாயிகளும் உண்டு. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

குளத்துக்கு வராத தண்ணீர்

உண்மையான வழக்கு தண்ணீரைப் பற்றியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் காவிரி பாயும் பகுதி கொஞ்சம்தான். மற்ற ஊர்களுக்கெல்லாம் கண்மாயும் குளமும்தான் கதி. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் உள்ள மாவட்டம் இது. மேட்டுக் காட்டில் பெய்த மழை வாரி வழியாக ஓடிக் குளத்தில் விழும். குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்த குளம். காடு மேலே, குளம் நடுவே, வயல் கீழே. முன்னோர்கள் போட்ட கணக்கு அது.

தைல மரத் தோட்டத்தில் மழைநீர் ஓடிவிடாதபடி குறுக்கே வரப்பு போடுகிறார்கள். மண் அரிக்காது, மரத்துக்கு ஈரம் நிற்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். தோட்டக்காரனுக்கு அது நியாயம். ஆனால் வாரியில் தண்ணீர் வரவில்லை, குளம் நிறையவில்லை என்பது கீழே உள்ள விவசாயிகளின் நீண்டகால முறையீடு. குளம் நிறையாவிட்டால் கிணறு ஊறாது. கிணறு வற்றினால் ஆழ்துளைக் குழாய். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் அந்தக் குழாய்கள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டன. பூ விற்ற காசும் பலா விற்ற காசும் பூமிக்குள்ளேயே போகிறது.

மரம் தண்ணீரை உறிஞ்சுகிறதா இல்லையா? ஆராய்ச்சிக்காரர்கள் கர்நாடகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். மண் ஆழமாக இல்லாத இடத்தில் தைல மரம் நாட்டுக் காட்டைவிட அதிகமாகக் குடிக்கவில்லை. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில், ஆழமான மண்ணில், பெய்த மழையை விட அதிகமாகவே குடித்தது. அதாவது முன்பு மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் சேர்த்து எடுத்தது. ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கர்நாடக விவசாயிகள் ஆராய்ச்சி முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1983-லேயே தும்கூர்ப் பக்கத்து நாற்றங்காலில் புகுந்து தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 2017-ல் அந்த மாநில அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்கே தடை போட்டது.

கடலுக்கு அப்பால் ஒரு கதை

இதே கேள்வி உலகின் இன்னொரு மூலையிலும் எழுந்தது. கனடா நாட்டின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால், கடலுக்குள் சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில், 150-க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அங்கே வாழும் பழங்குடியினர் ஹைடா மக்கள். தேவதாரு இனத்து மரங்கள் வானத்தைத் தொடும் காடு. ஒரே மரத்தைக் குடைந்து கடலோடும் படகு செய்வார்கள். வீட்டு வாசலில் குலச்சின்னம் செதுக்கிய கம்பம் நாட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்கள், 1862-ல் பரவிய பெரியம்மையால் மடிந்து, பிறகு சுமார் 600 பேர்தான் மிஞ்சினார்கள்.

அதன்பின் வந்தன மரம் வெட்டும் கம்பெனிகள். மலை மலையாக மொட்டையடித்தன. 1985-ல் லயல் தீவில் ஹைடா மக்கள் சாலையில் நின்றுவிட்டார்கள். சடங்குப் போர்வை போர்த்திய கிழவிகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கைதானவர்கள் 72 பேர். கைது செய்ய வந்த போலீசாரிலும் ஒரு ஹைடா இளைஞர் இருந்தார் என்றால் நிலைமையை யோசித்துக் கொள்ளலாம்! 1987-ல் அந்தப் பகுதியில் வெட்டு நின்றது. 1993-ல், அந்தக் காட்டை கனடா சர்க்காரும் ஹைடா மக்களும் சரிபாதிக் குழு அமைத்துப் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம் ஆனது. 2010-ல் ஆங்கிலேய ராணியின் பெயர் போய், தீவுகளுக்கு ஹைடா குவாய் என்ற சொந்தப் பெயர் வந்தது. 2024-ல், தீவு நிலத்தின் மீது ஹைடா மக்களுக்கு உரிமை உண்டு என்று அந்த மாநில அரசு சட்டமே செய்தது. மற்றவர்களின் வீடு மனைப் பத்திரங்களில் கை வைக்கவில்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ஹைடா மக்கள் மரம் வெட்டுவதையே விட்டுவிடவில்லை. அவர்களில் பலர் அந்தத் தொழிலில் கூலி வேலை பார்த்தவர்கள்தான். இன்று அவர்களுக்கே சொந்தமாக மரக் கம்பெனி இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்ற உச்ச அளவை, அவர்களும் அரசும் சேர்ந்து அமைத்த குழு தீர்மானிக்கிறது. எந்த மரத்தைத் தொடக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தீவில் பொன்னிற இலையோடு ஒரே ஒரு மரம் இருந்தது. வயது 300 ஆண்டுக்கு மேல். ஒரு சிறுவன்தான் மரமாக மாறி நிற்கிறான் என்பது அவர்கள் கதை. 1997 ஜனவரியில், மரக் கம்பெனிகள் மீது கோபம் கொண்ட ஒரு வெளியூர் ஆள் இரவோடு இரவாக அதையே அறுத்துப் போட்டான். ஊரே துக்கம் காத்தது.

திருவரங்குளத்து மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாகப் படாது. அரங்குளநாதர் கோயில் தலக்கதையிலும் ஒரு பொன் மரம் உண்டு. இந்தக் காட்டுப் பனை ஒன்று பொன்னாகப் பழுத்தது, வேடன் கைக்கு அந்தப் பழம் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்து ஊருக்குப் பெயரே பொற்பனைக்கோட்டை. 2021 முதல் அங்கே தோண்டிப் பழைய கோட்டையின் சுவடுகளைப் பார்த்து வருகிறார்கள்.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதம் ஆக்குவது என்று 2022-ல் அரசு ஒரு இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வானத்திலிருந்து படம் எடுத்து எண்ணும் கணக்கில் வீரையும் பச்சை, தைல மரமும் பச்சை. எண்ணிக்கை ஏறும். குளம் நிறையுமா என்று அந்தப் படம் சொல்லாது.

ஒரே நாளில் எல்லா மரத்தையும் வேரோடு பிடுங்கு என்று சொல்வது சுலபம். மரம் வெட்டி, பட்டை உரித்து, லாரி ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்கள் எங்கே போவார்கள்? வெட்டு முடிந்த இடத்தில் மறுபடி துளிர்க்க விடாமல், குளத்துக்கு மேலே உள்ள பகுதியை முதலில் எடுத்து, அங்கே நாட்டு மரம் வைக்கலாம். நாற்று வளர்க்கும் வேலையை அந்தக் குடும்பங்களுக்கே கொடுக்கலாம். விதைக்கு ஐயனார் காடுகள் இருக்கின்றன. வரப்பு உடைத்து வாரி திறப்பதற்கோ ஒரு மழைக்காலம்கூடத் தாமதிக்கத் தேவையில்லை.

எந்த வாரி முதலில், எந்தக் குளத்துக்கு மேலே என்று கழகத்தின் அலுவலகத்தில் வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் குளத்தில் குளித்து வளர்ந்தவர்கள் சொல்வார்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கழகத்தின் அதிகாரி அந்தக் கூட்டத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு எங்கே வெட்டப் போகிறோம், எதை நடப் போகிறோம் என்று கணக்கைப் படிக்கட்டும். ஊர் கேள்வி கேட்கட்டும். பெண்களும் கேட்கட்டும், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது அவர்கள்தானே. அக்டோபர் 2 கூட்டம் ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் வருகிறது. வாரியைத் திறக்க அதைவிடத் தோதான நாள் இல்லை.