3 நிமிடப் பாட்டு 17 நிமிடமான கதை!

ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒரே ஒரு பாட்டுதான். ஆனால், நான்கு முறை கேட்க வேண்டும்.

பாட்டின் பெயர் ‘ஸ்பூன்ஃபுல்’. எழுதியவர் வில்லி டிக்சன். சிகாகோவின் ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் 1960-ல் பாடியபோது, 3 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

1966-ல் லண்டனில் ‘க்ரீம்’ என்ற ராக் குழு உருவானது. கிட்டாருக்கு எரிக் கிளாப்டன், பேஸ் கிட்டாருக்கும் குரலுக்கும் ஜாக் புரூஸ், டிரம்ஸுக்கு ஜிஞ்சர் பேக்கர். மூன்றே பேர்! அந்த ஆண்டு வந்த ‘ஃப்ரெஷ் க்ரீம்’ ஆல்பத்தில் இதே பாட்டு சுமார் ஆறரை நிமிடம். 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் வாசித்தபோது, கிட்டத்தட்ட 17 நிமிடம். அந்தப் பதிவு ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆல்பத்தில் இருக்கிறது.

பாடல் வரிகள் கூடவில்லை. கூடியதெல்லாம் மனோதர்மம்தான். நம் கச்சேரி ரசிகர்களுக்கு இது புதிதல்ல. ஆனால், இங்கே ஒரு வித்தியாசம். கிளாப்டன் கற்பனையில் இறங்கும்போது பின்னால் தாங்கிப்பிடிக்க இன்னொரு கிட்டார் இல்லை, கீபோர்டும் இல்லை. புரூஸும் பேக்கரும் ஜாஸ் பழக்கம் உள்ளவர்கள். பக்கவாத்தியமாக அடங்கி இருக்கமாட்டார்கள். பேஸ் தனியாக ஒரு மெட்டில் போகும். டிரம்ஸ் குறுக்கே பேசும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ‘தனி’ வாசிப்பதுபோல இருக்கும்.

இப்படி வாசிக்க, அடுத்தவர் வாசிப்பதைக் காதில் வாங்கியே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. மேடைகள் பெரிதாயின. ஆம்ப்ளிஃபையர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டன. யார் சத்தம் பெரிது என்ற போட்டி தொடங்கியது. ஒரு கச்சேரியில், தான் பாதியில் வாசிப்பதை நிறுத்தியும் மற்ற இருவரும் கவனிக்கவே இல்லை என்று கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புரூஸுக்கும் பேக்கருக்கும் ஏற்கெனவே ஆகாது. 1968 நவம்பர் 26, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள். குழுவுக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை.

2005 மே மாதம் அதே அரங்கில் மூவரும் மீண்டும் சேர்ந்தார்கள். இப்போது ‘ஸ்பூன்ஃபுல்’ நீளம் பழைய மேடைப் பதிவில் பாதிகூட இல்லை. வேகம் குறைந்திருக்கிறது. ஆனால், ஒருவர் வாசிக்க மற்றவர் இடம்விடுவது தெளிவாகக் கேட்கிறது.

புரூஸ் 2014-லும் பேக்கர் 2019-லும் மறைந்துவிட்டார்கள். நான்கு பதிவுகளையும் வரிசையாகக் கேளுங்கள். 17 நிமிடப் பதிவில் கிட்டாரை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது வேறொரு பாட்டாகவே கேட்கும்!