பேரல் மாத்தறதுக்கு முன்னாடி

மிளகு பறிப்பு நடந்துக்கிட்டு இருக்கறதால கொஞ்ச நாளா எழுத முடியலை. இன்னைக்கு ஒரு துப்பாக்கிக் கதை.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, போன வாரம் தோட்டத்துக்கு வந்தார். "தம்பி, ரைபிளுக்குப் பேரல் மாத்தப் போறேன். கீழ டவுன்ல ஒரு லேத்துக்காரன் பாதி விலைக்கு முடிச்சுத் தாரேங்கறான். அட்வான்ஸ் கொடுத்துட்டேன்"னு சொன்னார்.

மலைக்கிராமம்னா வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும்னு நினைச்சிராதீங்க. எங்க ஊர்ல லைசென்ஸ் துப்பாக்கி மூனே மூனுதான். அதுல ரைபிள் இது ஒன்னுதான். பெரியப்பா வாங்கினது, அவருக்குப் பிறகு அண்ணன் பேருக்கு மாறுச்சு. .315 போல்ட் ரைபிள், கல்கத்தா பக்கம் இச்சாப்பூர் அரசாங்கத் தொழிற்சாலையில செஞ்சது. வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்து .303 தோட்டா ஜனங்க கையில போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்தது. அதனால அதே மாதிரி துப்பாக்கியை வேற அளவுத் தோட்டாவுக்குச் செஞ்சாங்க. அதுதான் இந்த .315.

தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஒப்படைச்சுட்டுத் திரும்ப வாங்கணும். போன தடவை வாங்கிட்டு வந்தவர் எண்ணெய் போடாம அப்படியே பீரோவுல வச்சுட்டார். எங்க மலை ஈரத்துக்கு அது போதும். உள்ள துரு ஏறிப் போச்சு.

அண்ணன்கிட்ட நான் முதல்ல சொன்னது: துருவைப் பார்த்ததும் பேரல் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. லைசென்ஸ் வச்சிருக்கற துப்பாக்கிக் கடையில கொடுத்து உள்ளே சுத்தம் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. ரைபிள் குழலுக்குள்ள முறுக்கு முறுக்கா வரி ஓடும். குண்டைச் சுழல வச்சு நேராப் போக வைக்கிறது அந்த வரிதான். வரி நல்லா இருந்தா மேலாகப் பிடிச்ச துரு ஒரு விஷயமே இல்லை. தோட்டா உக்கார்ற அறையில பள்ளம் விழுந்திருந்தாத்தான் யோசிக்கணும்.

அப்படி மாத்தியே ஆகணும்னா அதே அளவுக் குழல்தான், அதே துப்பாக்கிக்குச் செஞ்சதுதான். நீளம் கம்மி, எடை கம்மின்னு ஆசைப்படக் கூடாது. பேரல் மாத்தறது மோட்டாருக்குப் பைப் மாத்தற வேலை இல்லைங்க. போல்ட் பூட்டினதும் தோட்டாவோட அடிப்பக்கத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவுல மயிரிழை இடைவெளிதான் இருக்கலாம். அதைக் கேஜ் வச்சு அளந்து பார்க்கணும். கூடிப் போச்சுன்னா பித்தளைக் கூடு கிழிஞ்சு, தீயும் புகையும் சுடறவன் மூஞ்சிக்கே திரும்பும். லேத்துக்காரர் கெட்டிக்காரராவே இருக்கட்டும், அவர்கிட்ட அந்தக் கேஜும் இல்லை, சோதிச்சுக் குத்தற முத்திரையும் இல்லை.

அதோட, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கி ரிப்பேர் பண்றதே 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம். அனுமதி இல்லாம குழலை வெட்டிக் குட்டையாக்கறதும் குத்தம். பாதி விலைன்னு போயி, பெரியப்பா பேரைக் கோர்ட்டுப் படி ஏத்தணுமா?

சின்ன வயசுல பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் ஒட்டுப் போட்ட நாட்டுத் துப்பாக்கியை வெடிச்சார். குழல் வாழைப்பூ மாதிரி விரிஞ்சுபோச்சு. இடது கையில ரெண்டு விரல் இல்லாமத்தான் கடைசி வரைக்கும் களை வெட்டினார்.

இதை எல்லாம் சொல்லிட்டுக் கடைசியா ஒன்னு கேட்டேன். "அண்ணே, இந்த ரைபிளை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"பன்னி வாழையைப் பூரா நோண்டுதுல்ல?"

பன்னியை நாம சுட முடியாது. 2025 ஜனவரியில அரசாங்கம் சொன்னதும், காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்க சுடலாம்னுதான். காட்டை ஒட்டி 1 கிலோமீட்டருக்குள்ள யாருமே சுடக் கூடாது. எங்க தோட்டம் காட்டு வேலியிலேயே இருக்கு. சரி, வெரட்டறதுக்குச் சத்தம் போதும்னா, அதுக்கு ரைபிள் ஆகாது. குண்டு கிலோமீட்டர் கணக்காப் போகும், சரிவுக்குக் கீழ குடிசைங்க இருக்கு.

என் அபிப்பிராயம் இதுதான். பேரலைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி அதுக்கு வேலை இருக்கான்னு பார்க்கணும். இருந்தா, முறையா, அதே குழல். இல்லேன்னா முறைப்படி ஒப்படைச்சுட்டு, அந்தக் காசை வேலியில போடலாம். அப்பன் வச்சிருந்த பொருளைக் கொடுக்க மனசு வராதுதான். எனக்கும் புரியுது. ஆனா பெரியப்பா நமக்கு விட்டுட்டுப் போனது துப்பாக்கி மட்டும் இல்லை, தோட்டமும்தான்.

அண்ணன் இன்னும் பதில் சொல்லலை. லேத்துக்காரர்கிட்டக் கொடுத்த அட்வான்ஸை மட்டும் திருப்பி வாங்கிட்டாராம்.