மனச்சோர்வுக்கு மருந்து மைதானத்திலும் உண்டு

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால், மனநோய் என்றாலே மந்திரிப்பதும் மறைப்பதும்தான் வழி என்ற எண்ணம் நம் மாவட்டத்தை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

மனச்சோர்வுக்கு எளிய சிகிச்சைகளும் உண்டு. உடற்பயிற்சி அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 156 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியும், ஒரு பிரிவினருக்கு மாத்திரையும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. 16 வாரங்களில் மூன்று பிரிவினருமே ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். மாத்திரை சற்று விரைவாகப் பலன் தந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

‘கரிமூட்டத்திலும் உப்பளத்திலும் நாளெல்லாம் வேகிறோம், எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்று நம் மக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், கூலிக்காகக் குனிந்து நிமிர்வதில் உடல் தேய்கிறது. விரும்பி ஓடியாடும்போது நாலு பேரோடு சேர்கிறோம், மனம் லேசாகிறது, இரவில் தூக்கம் வருகிறது. ஆளை மூலையில் முடக்கிப்போடும் நோய்க்கு இதுவே எதிர்மருந்து.

அதற்கு இடம் எங்கே? ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 முதல் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை கிடைத்தது. ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்களும் வந்தன. பந்து வந்தால் போதுமா? பல காலனிகளில் அதை உருட்டக்கூட இடமில்லை. இருக்கும் புறம்போக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஊர் மைதானத்தில் கால் வைக்க நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே, காலனிதோறும் விளக்கு வசதியுடன் ஒரு மைதானம் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை ஒரு மணி நேரம் விளையாட்டுக்கென ஒதுக்க வேண்டும். கோவாவில் மருத்துவரல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வுக்கு ஆலோசனை வழங்கிப் பலன் கண்டார்கள். 2017இல் அந்த முடிவுகள் வெளியாயின. இங்கும் அதைச் செய்யலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடும் மனச்சோர்வுக்கு மருத்துவர் தேவை. சாப்பிட்டுவரும் மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416 அல்லது 104 எண்ணை உடனே அழையுங்கள். சாதி இழிவு தரும் காயத்துக்கு உடற்பயிற்சி தீர்வாகாது. அதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். போராடவும் மனத்தெம்பு வேண்டுமே!

மாணவர்களே, அடுத்த கிராம சபையில் மைதானத்துக்கான தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். அது பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.