ஸ்பீக்கரை கடைசியில வாங்கிக்கலாம்

கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச மறுநாள் வருஷா வருஷம் இது நடக்கும். முந்தின ராத்திரி டிஜே ஆடிட்டோரியத்தையே குலுக்கிட்டுப் போயிருப்பார். காலையில மெஸ்ல ஒரு ஜூனியர் தட்டோட பக்கத்துல வந்து உட்கார்ந்து, "அண்ணா, டிஜே கத்துக்கணும். முதல்ல என்ன வாங்கணும்?" என்று கேட்பான். நான் பதில் சொல்றதுக்குள்ள அவனே போனை எடுத்து, லைட்டெல்லாம் மின்னுற ஒரு பார்ட்டி ஸ்பீக்கரைக் காட்டுவான். கூடவே ஈஎம்ஐ கணக்கும் தயாரா இருக்கும்.

தம்பி, அந்தத் தப்பை உனக்கு முன்னாடியே ஒருத்தன் பண்ணிட்டான். அவன்தான் இதை எழுதுறான்.

மூணாம் வருஷ இன்டர்ன்ஷிப்ல வந்த ஸ்டைபண்ட் மொத்தத்தையும் போட்டு, பத்தாததுக்கு அம்மாகிட்ட கடன் வாங்கி, அப்படி ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். ஹாஸ்டல் ரூம்ல போட்டா ஜன்னல் கண்ணாடி அதிரும். "நாம டிஜே ஆயிட்டோம்" என்று மனசு சொன்னது. மே மாசம் அதைத் தூக்கிக்கிட்டு ஏற்காடு போனேன். எங்க பெரியப்பா அங்கதான் இருக்கார், மைக் செட் தொழில். சேர்வராயன் கோயில் திருவிழா நேரம்.

போகாதவங்களுக்குச் சொல்றேன். சேர்வராயன் மலையோட உச்சியில, சுமார் 5,300 அடி உயரத்துல இருக்கிற குகைக் கோயில் அது. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குனிஞ்சுதான் போகணும். வெளியே வந்தா அப்படியே தலைகீழ்: பரந்த வெட்டவெளி, சுவர் கிடையாது, காத்து மட்டும்தான். திருவிழாவுக்குச் சுத்தியிருக்கிற மலைக் கிராமத்து ஜனங்க எல்லாரும் வந்துடுவாங்க.

கோயிலுக்குத் தள்ளி, சாப்பாடு நடக்கிற இடத்துல தம்பிங்க ஆசைப்பட்டாங்கன்னு ஸ்பீக்கரை வெச்சேன். ரூமையே அதிர வெச்ச சாமான், பத்தடி தாண்டினா ரேடியோ மாதிரி கேட்டது. ஃபுல் வால்யூம் வெச்சேன். பாஸ் வரல, கரகரன்னு சத்தம்தான் வந்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவுல வேற என் பேச்சு, மௌனம், மறுபடி பேச்சு. ஒரு பாட்டி வந்து, "கண்ணு, கொஞ்சம் நிறுத்தேன், காது வலிக்குது" என்றார். நிறுத்தினேன்.

அப்புறம்தான் பெரியப்பா என்ன பண்றார்னு கவனிச்சேன். அவர் பாட்டைப் போட்டுட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல உட்காரவே இல்ல. மைதானத்தோட கடைசி வரைக்கும் நடந்து போறார். நிக்கிறார். கேட்கிறார். திரும்பி வந்து ட்ரெபிளை ஒரு துளி குறைக்கிறார். மறுபடி நடக்கிறார். "ஏன் பெரியப்பா இவ்வளவு நடை?" என்றேன். "பொட்டிகிட்ட உட்கார்ந்தா பொட்டி சத்தம்தான் கேக்கும். ஜனங்களுக்கு என்ன கேக்குதுன்னு தெரிய வேணாமா?" என்றார்.

என் கருத்து மொத்தமும் இதுலதான் இருக்கு: டிஜே ஆகணும்னா, மத்தவங்களைக் கேட்க வைக்கிற சாமானை கடைசியில வாங்கு. நீ கேட்கிறதுக்கான சாமானை முதல்ல வாங்கு.

இது சும்மா தத்துவம் இல்ல. வரலாறும் இப்படித்தான். டிஜேக்களோட அடையாளமாவே ஆகிப்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972-ல வந்தப்போ, அது வீட்டுல உட்கார்ந்து இசை கேட்கிறவங்களுக்காகச் செஞ்சது. 1973 ஆகஸ்ட் 11 அன்னைக்கு நியூயார்க் பிராங்ஸ்ல கூல் ஹெர்க் தன் தங்கச்சி நடத்தின பார்ட்டியில பாட்டு போட்டதைத்தான் ஹிப்ஹாப்போட பிறந்தநாள்னு சொல்றாங்க. பாட்டுல எந்த இடத்துல கூட்டம் ஆடுதுன்னு கவனிச்சு, அந்தத் தாளப் பகுதியை மட்டும் ரெண்டு ரெக்கார்டு வெச்சு நீட்டினார். அவருக்குப் பின்னால வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் நம்ம சாதி, எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். அடுத்த ரெக்கார்டைக் கூட்டத்துக்குப் போடறதுக்கு முன்னாடி தான் மட்டும் ஹெட்போன்ல கேட்கிறதுக்கு, ஒரு ஸ்விட்ச் வெச்சு தானே இணைப்பு செஞ்சுக்கிட்டார். இன்னைக்கு எல்லா கன்ட்ரோலர்லயும் இருக்கிற 'க்யூ' பட்டனோட வேலை அதேதான். அடுத்த பாட்டை நீ முன்கூட்டியே கேட்க முடியலைன்னா, நீ செய்றது டிஜே வேலை இல்ல, பிளேலிஸ்ட் ஓட்டுற வேலை.

சரி, கையில காசு கம்மி. எந்த வரிசையில வாங்குறது?

முதலாவது, ஹெட்போன். காதை முழுசா மூடுற, வயர் வெச்ச ஹெட்போன். ஒரு பக்கத்தைத் திருப்பி விடற மாதிரி இருந்தா நல்லது, ஒரு காது ஹெட்போன்ல, ஒரு காது வெளியில இருக்கணுமே. புளூடூத் வேண்டவே வேண்டாம். காரணம் சாதாரணக் கணக்கு: 120 பிபிஎம் பாட்டுல ஒரு பீட்டுக்கு 500 மில்லிசெகண்ட். சாதாரண புளூடூத்ல 100-லிருந்து 200 மில்லிசெகண்ட் வரைக்கும் தாமதம் வரும். கிட்டத்தட்ட அரை பீட் தள்ளிக் கேட்டுக்கிட்டு எப்படி ரெண்டு பாட்டைச் சேர்ப்ப?

ரெண்டாவது, ஏற்கெனவே உன்கிட்ட இருக்கிற லேப்டாப். அதுல மிக்ஸ் (கடைசியில மூணு எக்ஸ் வரும், தேடும்போது கவனம்) என்கிற சாஃப்ட்வேரைப் போடு. இலவசம், ஓப்பன் சோர்ஸ், லினக்ஸ்லயும் ஓடும். கீபோர்டை வெச்சே ரெண்டு டெக்கையும் இயக்கலாம். லேப்டாப்ல ஒரே ஒரு ஆடியோ அவுட்தானே, க்யூ எப்படிக் கேட்கிறதுன்னு கேட்பீங்க. சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கு. ஒண்ணை மெயின் அவுட்டுக்கும் இன்னொண்ணை ஹெட்போனுக்கும் செட்டிங்ஸ்ல பிரிச்சுக் கொடு. முடிஞ்சது. வெளியில கேட்க, ரூம்ல கிடக்கிற பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும்.

மூணாவது, மூணு மாசம். இது கடையில கிடைக்காது. ஆனா இதுதான் விலை அதிகமான சாமான். முப்பது பாட்டு எடுத்துக்கோ. எங்க ஆரம்பிக்குது, எங்க பாடகர் நுழையறார், எங்க இன்டர்லூட், எங்க முடியுதுன்னு மனப்பாடமா தெரியணும். 'சிங்க்' பட்டன் இருக்கேன்னு சொல்லாதே. அது நாலு நாலா எண்ற, மெஷின்ல செஞ்ச இசைக்கு அருமையா வேலை செய்யும். நம்ம தப்பாங்குத்து ஆறு எட்டுல போகும். சாஃப்ட்வேர் பல தடவை அதோட பிபிஎம்மைத் தப்பா காட்டும். எழுபது, எண்பதுகள்ல ஆளுங்க உட்கார்ந்து வாசிச்சுப் பதிவான பாட்டுகள்ல வேகம் லேசா ஏறி இறங்கும். தமிழ்ப் பாட்டு போடப்போற டிஜேக்குக் காதைத் தவிர வேற துணை இல்ல.

நாலாவதுதான் கன்ட்ரோலர். மூணு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா வாங்கு. ரெண்டு சேனல் போதும். பார்க்க வேண்டியது: உள்ளேயே சவுண்ட் கார்டு, தனி ஹெட்போன் அவுட், ஒவ்வொரு சேனலுக்கும் ஹை-மிட்-லோ ஈக்யூ, ஓரளவு நீளமான டெம்போ ஃபேடர். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா ஃபேடரையும் ஜாக் வீலையும் நேர்ல தொட்டுப் பார்க்காம காசு கொடுக்காதே. நாலு சேனலும் எஃபெக்ட்ஸும் பேடுங்களும் நிறைய இருக்கிறது பெருமைக்கு ஆகும், படிக்க ஆகாது.

"கீபோர்டுல கத்துக்கிட்டா கை பழகாதே, நேரா கன்ட்ரோலர் வாங்கிடலாமே?" என்று என் ரூம்மேட் சண்டை போடுவான். அவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஃபேடரைத் தள்ளுற உணர்வு கீபோர்டுல வராதுதான். ஆனா கை ரெண்டு வாரத்துல பழகிடும், காதுக்கு மாசக்கணக்காகும். தவிர, நம்மள்ல முக்கால்வாசிப் பேர் செமஸ்டர் முடியறதுக்குள்ள ஆசையை விட்டுடுவோம். ஹெட்போன் வாங்கி விட்டா பாட்டு கேட்கவாவது ஆகும். கன்ட்ரோலர் வாங்கி விட்டா கட்டிலுக்கு அடியில தூசிதான்.

ஸ்பீக்கர்? வாடகைக்கு எடு. மலை மேல என் சத்தம் ஏன் காணாமப் போச்சுன்னு பின்னாடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபெல் குறையும். அந்த 6 டெசிபெல்லைத் திரும்பப் பிடிக்க பவர் நாலு மடங்கு வேணும். 100 வாட்ஸ் போதலைன்னா 400 வாட்ஸ். அடுத்த இரட்டிப்புக்கு 1,600. இந்தப் பந்தயத்துல மாணவன் பாக்கெட் ஜெயிக்காது. ஊர் மைக் செட்காரர்கிட்ட ஏற்கெனவே எல்லாம் இருக்கு. பெட்டியோட, ஜெனரேட்டரோட, அனுபவத்தோட.

அதோட, சத்தத்துக்குச் சட்டமும் உண்டு. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துல அனுமதி வேணும், பொது இடத்துல ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபெல்தான் அளவு. சட்டத்தை விடு, உன் காதையே எடுத்துக்கோ. 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம்னா, 100 டெசிபெல்லை வெறும் பதினஞ்சு நிமிஷம்தான். காது போனா ஈஎம்ஐல வாங்க முடியாது.

என் ஸ்பீக்கரைப் பாதி விலைக்கு வித்துட்டேன். அம்மா கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. இந்த மே மாசமும் ஏற்காடு போறேன், பொட்டி இல்லாம. மைதானத்தோட கடைசி வரைக்கும் பெரியப்பாகூட நடந்து கேட்கிறதுதான் திட்டம்.

அதுவரைக்கும் என் பழைய ஹெட்போனும் ரெண்டாவது சவுண்ட் கார்டும் ரூம்ல சும்மாதான் இருக்கு. யாருக்காவது ஆசை இருந்தா ஒரு மாசம் எடுத்துக்கிட்டுப் போங்க. அப்புறம் மெஸ்ல உட்கார்ந்து பேசலாம், என்ன வாங்கணும்னு.